அடுப்புச் சுவர் அலமாரி

செபஸ்தியான் அண்ணன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஈரத் துணிதான். இந்தத் தீவில் பத்துபஸ்தி என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வராந்தாக் கொடியில், ஜன்னல் கம்பியில், கதவின் மேல் விளிம்பில், சமையலறை உத்தரத்தில், எங்கே பார்த்தாலும் படுக்கை விரிப்புகள் தொங்கும். மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விடாத ஊர் இது. இங்கே தொங்கப் போட்ட துணி தொங்கும், காயாது. எடுத்து மோந்து பார்த்தால் பூசணம் வாடை அடிக்கும். மறுபடியும் துவைக்க வேண்டும். இப்படித் துவைத்துத் துவைத்தே அந்த மனுஷனின் கை வெளுத்துப் போனது. தச்சன் கை அது. காய்ப்புக் காய்த்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி உரிந்து கிடந்தது.

நான் அடுத்த வீட்டுக்காரி, மரகதம். எங்கள் தாத்தா, வெள்ளைக்காரன் கைதிகளைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பின காலத்தில் வந்தவர். மெயின்லேண்ட் என்பது எங்களுக்குக் கப்பல் வருகிற திசை, அவ்வளவுதான். என் தமிழில் பாதி ஹிந்தி என்று அமுதக்கா கிண்டல் செய்வாள். அமுதக்கா என்றால் செபஸ்தியான் அண்ணனின் மனைவி அமுதம். இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்.

அண்ணனின் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போனார்கள். இவருக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் படகு கட்டுகிற கொட்டகையில் உளி பிடிக்கப் போனார். அப்படிப்பட்ட ஆள் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் மகராஜா என்கிற கப்பலேறி, சாத்தாமில் இருக்கிற மரமில்லில் தச்சு வேலைக்கென்று இங்கே வந்து சேர்ந்தார். "கப்பல்ல ஏறினதுல இருந்து எறங்குற வரைக்கும் அவுக கடலைப் பாக்கலட்டி, வாளியத்தான் பாத்துக்கிட்டு வந்தாவ" என்று அமுதக்கா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஊருக்குத் திரும்பிப் போகவில்லையா என்று யாராவது கேட்டால் அண்ணன் ஒரே பதில்தான் சொல்வார்: "மறுபடியும் அந்தக் கப்பல்லயா?"

அவர் பேச்சே அவ்வளவுதான். இரண்டு பேருக்குமான பேச்சை அக்காவே பேசிவிடுவாள். அவர் மில்லுக்குப் போவார், வருவார், சட்டையைக் கழற்றிப் போடுவார், சோறு தின்பார், தூங்குவார். மில்லில் படாக் மரம் இழைத்து இழைத்து அவர் வேர்வைச் சட்டையெல்லாம் செம்மண்ணில் புரண்ட மாதிரி சிவந்திருக்கும். அதைக் கல்லில் போட்டு அடித்தபடியே அக்கா அவரைத் திட்டுகிற சத்தம் வேலியைத் தாண்டி எனக்குக் கேட்கும். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஊருக்கெல்லாம் மேஜையும் நாற்காலியும் செய்து கொடுத்தவர், சொந்த வீட்டில் உட்கார ஒழுங்காக ஒரு ஸ்டூல் செய்து போடவில்லை. நல்ல படாக் பலகையாக நாலைந்து கட்டிலுக்கடியில் கிடந்தன. ஓய்ந்த நேரத்தில் ஏதாவது செய்யலாம் என்று எடுத்து வைத்தவை. அவருக்கு ஓய்ந்த நேரம் வரவே இல்லை.

அறுபத்தாறாம் வருஷம் மழை தொடங்கின சமயம், அமுதக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். வலப்பக்கம் கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குழறிக் குழறித் திரும்பி வந்தது. வந்ததும் முதல் வேலையாக அண்ணனைத் திட்டினாள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்துக் கட்டிலில் ஒரு பொம்பளை கிடந்தாள். வீட்டில் ஈரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்து, முதுகெல்லாம் படுக்கைப் புண்ணோடு கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவள். அவளைப் புரட்டும்போது வருகிற வாடையையும் அவள் போடுகிற சத்தத்தையும் அக்கா படுத்தபடியே சகித்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பொம்பளை பிழைக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், அடிக்கடி புரட்டிப் படுக்க வையுங்கள், விரிப்பு எப்போதும் காய்ந்ததாக இருக்கட்டும், வாதத்தைவிடப் புண்தான் ஆளைக் கொண்டுபோகும் என்று. அண்ணன் தலையை ஆட்டினார். அக்கா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சாகுறதுக்குப் பயமில்ல எனக்கு. அந்தப் பொம்பள மாதிரி அழுகிச் சாக விட்டிராதிய."

"விடமாட்டேன்ளா" என்றார் அவர்.

வாயால் சொல்வது லேசு. படுத்த இடத்திலேயே எல்லாம் ஆகிறவளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு வேண்டும்! மகள் ஆரோக்கியசெல்வி இன்னொரு தீவில், ரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். போட் ஏறி வந்து கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். அங்கே நாற்று நட வேண்டும், கைக்குழந்தை வேறு. போய்விட்டாள். பகலில் நான் போய்ப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன். மற்றதெல்லாம் அண்ணன்தான். விடிகாலையில் எழுந்து வெந்நீர் வைத்து உடம்பு துடைத்து விடுவார். பிறகு மில். சாயங்காலம் வந்து நனைந்த துணியெல்லாம் துவைப்பார். துவைத்துக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் தூங்கிவிடுவார். நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து "அண்ணே!" என்று கத்தினால் திடுக்கிட்டு விழித்து, விட்ட இடத்திலிருந்து கசக்க ஆரம்பிப்பார்.

காய்ந்த துணிதான் பிரச்சினை. வேறு எதுவும் இல்லை. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை நாற்றமும் கரியும். டிரங்குப் பெட்டியில் வைத்தால் பூசணம். ஒரு நாள் அவளைப் புரட்டும்போது இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை. அவள் கேட்டாள், "சிவந்திருக்கா?" என்று. நான் அவசரமாகச் சேலையை இழுத்து மூடினதிலேயே புரிந்துகொண்டாள். அன்றைக்கு முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் அண்ணனை மரைன் ஹில்லில் ஒரு அதிகாரி பங்களாவுக்கு மராமத்து வேலைக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே குந்திக்கொண்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மரகதம், குளிக்கிற அறைக்குள்ள சுவத்துல பதிச்சு அலமாரி வச்சிருக்காம்மா. துண்டு அடுக்குறதுக்கு. உள்ள ராப்பகலா ஒரு பல்பு எரியுது. துண்டுக்குக் குளிருமாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் குழறிக்கொண்டு வந்தது.

"ஏங்க, அந்தத் துண்டு காஞ்சிருந்துச்சா?"

அண்ணன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "காஞ்சிருந்துச்சு" என்றார். "தொட்டுப் பாத்தேன். சூடா இருந்துச்சு."

"அப்ப நமக்கும் ஒண்ணு செய்யுங்க."

"ஏளா, நம்ம வீட்டுல கரண்டு எங்க இருக்கு?"

"அடுப்பு இருக்குல்லா?"

அந்த வீட்டில் எல்லாம் பலகைச் சுவர். சமையலறைக்கும் குளிக்கிற அறைக்கும் நடுவிலிருந்த ஒரே ஒரு சுவர் மட்டும், தீக்குப் பயந்து செங்கல்லில் கட்டியது. இந்தப் பக்கம் அடுப்பு. அந்தப் பக்கம் அவள் குளிக்கிற இடம். "குளிச்சு முடிச்சு முதுக அந்தச் சுவத்துல வச்சுக்கிட்டு நிப்பேன். கதகதன்னு இருக்கும். ஈரம் தானா உறிஞ்சிரும்" என்றாள். இத்தனை வருஷம் அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே நடமாடிய எங்கள் யாருக்கும் தெரியாத சங்கதி. அந்த வீட்டில் முதுகு சாய்த்து நிற்க நேரம் இருந்தது அவளுக்கு மட்டும்தான் போல.

மறுநாளே அண்ணன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், சாக்குக்கட்டியால் அலமாரியை வரைந்தார். அக்கா தலையைத் திருப்பிப் பார்த்துப் பார்த்துக் குறை சொன்னாள். அவர் அடித்தட்டைத் தரையை ஒட்டிப் போட்டிருந்தார். "வாளித் தண்ணி தெறிச்சா எங்க போகும்? முழங்காலுக்கு மேல தூக்குங்க" என்றாள். தட்டுகளை முழுப் பலகையாக வரைந்திருந்தார். "சூடு எப்படி மேல போகும்? இடுக்கு விடுங்க, மீன் காயப்போடுற தட்டி மாதிரி" என்றாள். கதவுக்கு மேலே காற்றுப் போக ஓட்டை வேண்டும், ஆனால் தண்ணீர் தெறிக்கிற பக்கம் கூடாது. கதவு சட்டத்துக்குள் உட்காரக் கூடாது, சட்டத்தின் மேல் படிந்து மூட வேண்டும். அண்ணன் வியாபாரத்துக்குச் செய்கிற அலமாரிக்குக்கூட இத்தனை தடவை அழித்து எழுதியிருக்க மாட்டார். அவர் அழிப்பதும் அவள் மறுப்பதுமாக ஒரு சாயங்காலம் ஓடியது. நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கஞ்சி ஆறியது.

"மேல ஒரு தட்டு தனியா வேணும்" என்றாள் கடைசியில். "அம்மா தந்த வெள்ளைக்கு."

அந்த வெள்ளையை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணத்துக்குப் பெண்ணின் தாய் ஒரு கெட்டியான வெள்ளைப் பருத்தி விரிப்பு கொடுப்பாள். தலைப்பிள்ளை பிறக்கும்போது ஒரு நாள் விரிப்பார்கள். பிறகு மடித்து வைத்துவிட்டால், அவள் செத்துக் கிடக்கும்போதுதான் மறுபடியும் எடுப்பார்கள். நடுவில் தொடுவதில்லை. பழைய சேலைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். மழைக்காலம் முடிந்ததும் எடுத்து வெயிலில் உதறி மறுபடி சுற்றி வைப்பாள்.

"சரி, மேல ஒரு தட்டு" என்று அண்ணன் கோடு போட்டார்.

"கீழ் தட்டு, நாற்காலியில உக்காந்தா என் கை எட்டணும். எல்லாக் கதவையும் வலது கைக்கு வாட்டமாத்தான வைப்பிய. இது இடது கைக்கு வையுங்க. நானே தொறந்து எடுப்பேன்."

அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ எந்திரிச்சு வந்து தொறக்கப் போறாளா மரகதம்?"

"அரே அண்ணே, கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தா என்ன? அவங்க சொன்ன பக்கமே வச்சிடுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் போய்க் கைப்பிடியை அழித்து இடப்பக்கம் வரைந்தார்.

வேலை நடந்தது. மில்லிலிருந்து வந்து துணி துவைத்து முடித்த பிறகு கொஞ்ச நேரம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கொஞ்ச நேரம். செங்கல் சுவரில் பாதிக் கனத்துக்குக் கொத்தி எடுத்தார். கொத்தனார் வேலை அவருக்கு வராது. ஒரு செங்கல் உடைந்து அடுப்புப் புகை குளிக்கிற அறைக்குள் வந்துவிட்டது. களிமண்ணைக் குழைத்து அப்பினார். இருமிக்கொண்டே அப்பினார். நான் பார்த்த வரைக்கும் அவர் முகத்தில் ஆசையோ அக்கறையோ எதுவும் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது. ஆனால் கட்டிலுக்கடியில் கிடந்த படாக் பலகைகளை வெளியே இழுத்ததும் அவர்தான். "அவளுக்குச் செய்யிறேன். மட்டமான மரத்துலயா செய்வேன்?" என்றார். இந்தத் தீவில் எந்தத் தச்சனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். மரியாதையான சாமான் என்றால் படாக்.

சட்டம், கதவு, தட்டுக்கு இடுக்கு விட்டு அடிக்கிற ஒடுக்கமான ரீப்பர் பலகை எல்லாம் செக்கச் செவேலென்று இழைத்து முடித்தார். கதவின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தார். அதற்கே அக்கா குமட்டலெடுத்து வாந்தி எடுத்துவிட்டாள். "உள்ள அடிக்காதிய, துணியெல்லாம் இந்த வாடை ஏறிரும்" என்றாள். அண்ணன் உடனே டப்பாவை மூடி வெளியே கொண்டுபோய் வைத்தார். தட்டுகள் வார்னிஷ் படாமலே ஏறின.

முதல் தடவை நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாதி காய்ந்த விரிப்புகளை அடுக்கி, கதவைச் சாத்தி, வழக்கம்போல அடுப்பெரித்தார். மறுநாள் நான்தான் திறந்தேன். உள்ளேயிருந்து கதகதப்பு முகத்தில் அடித்தது. மேலே இருந்த விரிப்பு மொடமொடவென்று இருந்தது. ஓடிப்போய் அக்காவின் கன்னத்தில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெயில் வாடை அடிக்குட்டி" என்றாள்.

அவளைப் புரட்டி அதை விரித்துப் போட்டேன். அன்றைக்கு அவள் அண்ணனை இரண்டு மடங்கு திட்டினாள்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு விடிகாலை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் என் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"மரகதம்! ரத்தம்! ஓடி வாம்மா!"

வாயைக் கூடக் கொப்புளிக்காமல் ஓடினேன். அக்கா இடப்பக்கம் சாய்ந்து கிடந்தாள். அவள் இடுப்புக்குக் கீழே விரிப்பில் சிவப்பாகப் படர்ந்திருந்தது. அண்ணன் கையில் வெந்நீர்ச் சட்டியோடு சுவரோரம் ஒட்டி நின்றார். சட்டி ஆடி ஆடித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "புண்ணு ஒடைஞ்சிட்டு. நான் பாக்காம விட்டுட்டேன், நான் பாக்காம விட்டுட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பொம்பளையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

சேலையை விலக்கி இடுப்பைப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன், தொடைக்கடியில் பார்த்தேன். தோல் எங்கேயும் கிழியவில்லை. முன்னால் இருந்த சிவப்புக்கூட மங்கியிருந்தது. விரலில் எச்சில் தொட்டு விரிப்பில் இருந்த சிவப்பைத் தேய்த்தேன். ரத்தமில்லை. தவிரவும் நனையாத ஓரத்தில் அது ஒழுங்கான கோடு கோடாக வேறு இருந்தது. புண்ணுக்குக் கோடு போடத் தெரியாது.

அலமாரியைத் திறந்து அடுக்கில் இருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். எல்லாவற்றிலும் கோடு. ஈரத் துணியும் அடுப்புச் சூடும் சேர்ந்து, வார்னிஷ் இல்லாத படாக் ரீப்பரிலிருந்து சாயத்தை இழுத்துவிட்டன. அதுவரை மேலே கிடந்ததையே எடுத்துக்கொண்டிருந்தோம்; முந்தின சாயங்காலம் அடியில் கிடந்ததை மங்கலான வெளிச்சத்தில் விரித்தபோது அவர் கண்ணில் படவில்லை. ராத்திரி அவள் நனைத்ததில் கோடு கரைந்து பரவிவிட்டது.

அண்ணன் ஒரு விரிப்பை எடுத்துப் பார்த்தார். பிறகு தான் போட்டிருந்த மில் சட்டையைக் குனிந்து பார்த்தார். அதே சிவப்பு. அப்படியே குளிக்கிற அறை ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, கண்ணில் தண்ணீர் வழிய. "இத்தன வருசமா ஒங்க சட்டைய அடிச்சுத் தொவச்சேனே. எனக்கே தோணலியே! ஒங்களுக்கு எங்க தோணப் போவுது?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. சுத்தியலை எடுத்து வந்து தட்டுகளைப் பெயர்த்துப் பெயர்த்து வெளியே வீசினார். பார்த்துப் பார்த்து இழைத்த பலகையெல்லாம் மழைத் தண்ணீரில் போய் விழுந்தன. அன்றைக்கு அவர் மில்லுக்குப் போகவில்லை. மேல் தட்டை மட்டும் பெயர்க்காமல் நிறுத்தினார். அதில் அந்த வெள்ளை, சேலைத் துண்டு சுற்றினபடி இருந்தது. வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்தார். சாயம் சேலைத் துண்டோடு நின்றிருந்தது. உள்ளே துணி சுத்தமாக, காய்ந்து, சூடாக இருந்தது.

மற்ற விரிப்பெல்லாம் சோப்புத் தொட்டிக்குப் போய்விட்டது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மட்டும் என்ன வெயிலா அடிக்கிறது? தொட்டதெல்லாம் நமுத்துக் கிடந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அக்கா வெறும் கட்டில் பலகையில், பல் தேய்க்கும்போது என் தோளில் கிடந்த ஈரத் துண்டை இடுப்புக்குக் கீழே போட்டபடி கிடந்தாள்.

"அந்த வெள்ளைய விரிங்க" என்றாள்.

அண்ணன் காதில் விழாதது போல நின்றார்.

"ஒங்களத்தான்."

"அது வேண்டாம்ளா."

"ஏன்?"

"அது எதுக்குள்ளதுன்னு ஒனக்குத் தெரியாதா? நீ உசுரோட கிடக்கும்போது அத விரிச்சு..." கையிலிருந்த வெள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நான் மாட்டேன். கொஞ்சம் பொறு, அடுப்புல காட்டி ஒண்ணக் காய வச்சிருதேன்."

"செத்தவளுக்கு ஈரமென்ன, காஞ்சதென்ன? அவளுக்குத் தெரியவா போவுது? இப்பக் கிடக்குறது நானு. எனக்குல்லா தெரியுது." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி குழறினாள். "எங்கம்மா எனக்குத்தான தந்தா? என் பொணத்துக்கா தந்தா?"

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். "பஸ் அண்ணே, போதும். இந்தப் பக்கம் பிடிங்க" என்று அவர் கையிலிருந்து ஒரு முனையை வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருமாக அவளைப் புரட்டி அதை விரித்தோம். கனமான துணி. பல வருஷ மடிப்பு கோடாக விழுந்திருந்தது. அண்ணன் அந்த மடிப்பையெல்லாம் உள்ளங்கையால் தடவித் தடவி நீவினார், அவள் முதுகில் உறுத்தக் கூடாதென்று. அவள் இடது கையை விரித்து அதன் மேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். அந்த மழைக்காலத்தில் அவள் பகலில் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணனும் கட்டில் காலில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அடுப்பை நான் பார்த்துக்கொண்டேன்.

தட்டுகளை மறுபடி வெள்ளை தூப் மரத்தில் போட்டார். மில்லில் அதைச் சரக்குப் பெட்டி அடிக்கத்தான் அனுப்புவார்கள். வெளுத்த, லேசான மரம், சாயம் கிடையாது. அதைத் தன் வீட்டுக்குள் கொண்டுவர அவருக்கு மனசே இல்லை. "பெட்டி அடிக்கிற மரம்" என்று முனகிக்கொண்டே ஆணி அடித்தார். "துணிக்கு மரத்தோட சாதி தெரியுமாக்கும்? அடிங்க பேசாம" என்று அவள் கட்டிலிலிருந்தே சொன்னாள். படாக் கதவும் தூப் தட்டுமாகப் பார்க்க ஒட்டாமல்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டில் காய்ந்த துணிக்குப் பஞ்சமில்லை. விரிக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொன்றையும் அண்ணன் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார். மழைக்காலத்தில் என் வீட்டுத் துணியையும் கொண்டுபோய் உள்ளே திணித்துவிட்டு வருவேன். அந்த வெள்ளை மறுபடி மேல் தட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாள் மற்ற விரிப்போடு துவைபட்டது, மற்றவற்றோடு கீழ் தட்டில் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அலமாரிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார். அவள்தான் நச்சரித்தாள். இடது கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். அண்ணன் பின்னால் நின்று, அவள் சாய்ந்தால் தாங்கக் கையை நீட்டியபடி, ஆனால் தொடாமல் இருந்தார். கதவு திறந்தது. ஒரு விரிப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கூடவே நாலு விரிப்பு தரையில் விழுந்து நனைந்தது. அத்தனையையும் அவர்தான் மறுபடி துவைத்தார். "பாத்தியளா, எட்டுச்சு" என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த மனுஷனுக்கும் அப்படி ஒரு அலுப்பு. இருந்தும் அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் "ஆமா, எட்டுச்சு" என்றார்.

அப்படியே வருஷங்கள் போயின. துவைப்பதும் அடுக்குவதும் விரிப்பதுமாக. கிழவர் மாதிரி ஆகிவிட்டார் அண்ணன். முதுகு கூன் விழுந்தது. மில்லிலும் முன்னைப் போல வேலை ஓடவில்லை. சில நாள் அவர் அவளிடம் எரிந்து விழுவதும் கேட்கும். அவளும் விடமாட்டாள். ஒரு தடவை வேலியைப் பிடித்துக்கொண்டு, "மரகதம், எனக்கு முடியலம்மா" என்றார். "யாருக்கு முடியுது அண்ணே?" என்றேன். உள்ளே போய்விட்டார், அவளைப் புரட்டுகிற நேரம்.

எழுபத்தொன்றாம் வருஷம், அதே மழைக்காலத்தில், இரண்டாவது தடவை வாதம் அடித்தது. இந்தத் தடவை பேச்சும் திரும்பவில்லை, அவளும் திரும்பவில்லை. குளிப்பாட்டினது நான்தான். வெந்நீர் ஊற்றித் தேய்க்கும்போது கழுத்திலிருந்து குதிகால் வரை முதுகுப் பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு புண் இல்லை. ஒரு தழும்புகூட இல்லை. வெளியே வந்து அண்ணனிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.

விரிக்கிற நேரம் வந்தது. கோயிலிலிருந்து வந்திருந்த பொம்பளைகள், தாய் வீட்டு வெள்ளை எங்கே என்று கேட்டார்கள். அது எங்கே இருக்கிறது? துவைத்துத் துவைத்து நைந்து, நடுவில் கிழிந்து, போன வருஷமே அவளுக்கு உடம்பு துடைக்கிற துண்டாகிவிட்டது. பொம்பளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஜாரில் புதுத் துணி வாங்கி வர ஆள் அனுப்பலாம் என்றாள் ஒருத்தி.

அண்ணன் எழுந்து குளிக்கிற அறைக்குப் போனார். இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்தார். கீழ் தட்டிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து வந்தார். பழைய விரிப்பு. அந்தச் சிவப்புக் கோடுகள் எத்தனை துவைத்தும் முழுக்கப் போகாமல் வெளிறிக் கிடந்தன. "ஐயோ, இதுலயா? புதுசு வாங்கிரலாமே" என்று அந்தப் பொம்பளை மெதுவாகச் சொன்னாள்.

அண்ணன் அதை எப்போதும் செய்கிற மாதிரி ஒரு தடவை கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"வேண்டாம். கடைத் துணி மழையில நனஞ்சுட்டு வரும்" என்றார். "இது காஞ்சிருக்கு."